ஒரு கையால் திறக்கும் கத்தி

இன்று காலை திருப்பனந்தாளில் ஒரு பெண் கொய்யாக் கூடையோடு பேருந்தில் ஏறினாள். மார்கழிப் பனியில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் வெளுத்துக் கிடந்தது. இடமில்லாமல் கூடையை என் காலடியில் வைத்துவிட்டு, "பாத்துக்கங்கம்மா" என்று சொல்லி, கம்பியைப் பிடித்தபடியே அவள் கண்ணயர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் என்னைச் சுற்றிலும் அந்த வாசனை. முழுக்கப் பழுக்காத, கடித்தால் பல்லுக்குள் சத்தம் போடுகிற கொய்யாவின் வாசனை. வண்டி வயலுக்கு நடுவே போகிறதா, தண்ணீருக்கு மேலே மிதக்கிறதா என்று தெரியாத அந்த வெண்மைக்குள் நானும் கண்ணை மூடினேன். மூடியதும் நீ பக்கத்தில் இருந்தாய். ஜன்னலோரம் உனக்கு, நடைவழிப் பக்கம் எனக்கு, எப்போதும்போல.

குத்தாலத்தில் இறங்கி வீட்டுக்கு வந்து, புடவைகூட மாற்றாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போனபின் வருகிற இரண்டாவது மார்கழி இது.

நாம் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் தலை நரைத்தவர்கள். நான் கணக்கு டீச்சர், நீ விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசில், காலில் கேன்வாஸ் ஷூ, இடுப்பில் இழுத்துச் செருகிய முந்தானை. என்னை நீ ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிள்ளைகள் முன்னால் "டீச்சர்", மற்ற நேரமெல்லாம் "ஏ கணக்கு". வட்டு எறியும் பெண்களுக்கு நீ வலது கையை வீசிக் காட்டுவதை நான் வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கரும்பலகையில் பாதியில் நிற்கும் கணக்கு. வெயிலில் உன் கை ஒரு பெரிய வளைவாகப் போய் வரும். அது மேலே எதையோ தொட்டுவிட்டுத்தான் திரும்புகிறது என்று எனக்குத் தோன்றும்.

அந்தக் கைதான் போயிற்று. ஓய்வு பெற்று அதிக நாள் ஆகவில்லை. கடைத்தெருவில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாய். முதலில் பை நழுவியது, பிறகு நீ நழுவினாய். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தபோது பேச்சு திரும்பி வந்தது. கால், கொஞ்சம் இழுத்துக்கொண்டு, அதுவும் வந்தது. வலது கை வரவில்லை. இடது கையால் அதைத் தூக்கி நீ மடியில் வைத்துக்கொள்வதைப் பார்த்தால், யாரோ தங்கள் பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனதுபோல இருக்கும்.

நீ கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டு முன்னறைதான் உன் வீடு. தம்பி மனைவி வாசுகி உன்னைக் கவனித்துக்கொண்ட விதத்தில் யாரும் ஒரு குற்றம் சொல்ல முடியாது. இட்லியைப் பிய்த்து வைப்பாள். மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் வைப்பாள். எந்தப் பழம் வாங்கினாலும் விரல் நுனி அளவுக்கு நறுக்கி, எவர்சில்வர் டப்பாவில் போட்டு, ஒரு முள்கரண்டியும் செருகி, உன் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவாள். கத்தி, அரிவாள்மனை எல்லாம் உன் கைக்கு எட்டாத மேல் அலமாரிக்குப் போய்விட்டன. நான் வரும்போதெல்லாம் நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். மைதானத்தின் மறுகோடிவரை கேட்ட குரல், நான் குனிந்து கேட்டால்தான் கேட்கிற குரலாகிவிட்டது.

ஒரு சாயங்காலம் வாசுகி டப்பாவை வைத்துவிட்டு உள்ளே போனதும் என்னைக் கூப்பிட்டாய்.

"ஏ கணக்கு, இதப் பாரு. கிளிக்குப் போடற மாதிரி போட்டிருக்கா."

"உனக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னுதானேடி."

"நான் இல்லேன்னா சொன்னேன்? ஆனா கொய்யாவ நான் முழுசா பாத்து எத்தன நாளாச்சு தெரியுமா?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாய். "எனக்கு ஒரு மடக்குக் கத்தி வாங்கிக் குடு."

அந்தச் சொல் என்னை என்னென்னவோ நினைக்க வைத்துவிட்டது. என் முகத்திலேயே நீ அதைப் படித்துவிட்டாய்.

"ச்சீ, அதுக்கில்லடி. பழம் வெட்டத்தான். நானே எடுத்து, நானே திறந்து, நானே வெட்டி, நானே மூடி வைக்கணும். நடுவுல யாரும் வரக் கூடாது."

பிறகு நிபந்தனைகளைச் சொன்னாய். இடது கையால் திறக்கவும் மூடவும் வர வேண்டும். ஆட்டம் இருக்கக் கூடாது. ஒரு ஜோடி நல்ல செருப்பின் விலையைத் தாண்டக் கூடாது, ஏனென்றால் பிசியோதெரபிக்கு வரும் பெண்ணுக்கே பென்ஷனில் பெரும்பங்கு போய்க்கொண்டிருந்தது.

"காசு நான் போட்டுக்கறேன்டி" என்றேன்.

"நீ போட்டா அது உன் கத்தி."

அதுவரை கத்தியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது வெட்டும் என்பது மட்டும்தான். மயிலாடுதுறையில் ஒரு பாத்திரக் கடையில் பழக் கத்திகளைக் காட்டினார்கள். அழகாக மடங்கின. ஆனால் எல்லாவற்றிலும் அலகின் ஓரத்தில் நகத்தை வைத்து இழுக்க ஒரு கீறல் இருந்தது. ஒரு கை பிடித்துக்கொள்ள, மறு கை இழுக்க வேண்டும். அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்து ஆன்லைனில் ஒன்று வரவழைத்தோம். கட்டைவிரலால் தள்ள அலகில் ஒரு குமிழ் இருந்தது. நீ தள்ளியதும் திறந்துகொண்டது. உன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். மூடப் போனபோதுதான் சிக்கல். உள்ளே ஒரு மெல்லிய தகடு அலகைத் தாங்கி நின்றது. வலது கைக்காரர்கள் அதைக் கட்டைவிரலால் சும்மா தள்ளிவிடலாம். இடது கையில் பிடித்தாலோ தகடு விரல்கள் பக்கம் போய்விடுகிறது. தள்ளுகிற விரல் கூர்ப்பக்கத்துக்கு நேராக நிற்கிறது.

"உலகத்தையே வலது கைக்காரனுக்குத்தான் செஞ்சு வச்சிருக்கான்" என்றாய். "இத்தன வருஷம் எனக்கு இது தெரியல பாரு."

அதைத் திருப்பி அனுப்பினோம். ஆனால் அதற்குள் ஒன்று நடந்துவிட்டிருந்தது. நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பதை விட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்திருந்தாய். செல்போனைத் தலையணையில் சாய்த்துவைத்து, யார் யாரோ கத்திகளைத் திறந்து மூடும் வீடியோக்களைப் பார்த்தாய். நான் உள்ளே நுழைந்ததும், செருப்பைக் கழற்றுவதற்குள், ஆரம்பிப்பாய்.

"மூடினா அலகு நட்ட நடுவுல உக்காரணும். ஒரு பக்கம் உரசினா அது சரியா செய்யாதது. திறந்து பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டிப் பாரு, அசையக் கூடாது. பூட்டு முதுகுப் பக்கம் இருக்கணும், அப்பதான் எந்தக் கைக்கும் சரி. திருகு வச்சிருக்கான்னு பாரு, லூசானா இறுக்கிக்கலாம். பளபளப்புக்குக் காசு குடுக்காத."

வாசுகி உள்ளேயிருந்து, "என்னக்கா பேசிக்கிறீங்க ரெண்டு பேரும்?" என்பாள்.

"கணக்குப் பாடம்" என்பாய்.

அந்தக் கத்தி சீர்காழியில் இருந்தது. அங்கே ஒரு சீமந்தத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, தூண்டிலும் நைலான் கயிறும் டார்ச் லைட்டும் தொங்கிய ஒரு கடையைப் பார்த்தேன். பட்டுப்புடவையும் தலையில் பூவுமாக உள்ளே போய் மடக்குக் கத்தி கேட்டேன். கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"மீன் பிடிக்கிறவங்களுக்குங்களா?"

"கொய்யா வெட்டறவங்களுக்குங்க."

வலது கையை முந்தானைக்குள் சுருட்டிவைத்துக்கொண்டு, இடது கையை மட்டும் நீட்டினேன். அவர் பதறிவிட்டார்.

"கையில அடிங்களா?"

"இல்லைங்க. இந்தக் கைய இப்ப கணக்குல சேக்கக் கூடாது."

அவருக்கு என்ன புரிந்ததோ, ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். டிராகன் படம் போட்ட தங்க நிறக் கத்தி ஒன்று. "இதாங்க இப்ப ஓடுது, ரீல்ஸ்ல எல்லாம் வருது" என்றார். திறந்து ஆட்டினேன். ஆடுகிற பல்மாதிரி அசைந்தது. இன்னொன்றின் ஸ்பிரிங் அத்தனை இறுக்கம், என் கட்டைவிரல் சிவந்துவிட்டது. இன்னொன்று மூடினால் ஒரு பக்கமாகச் சாய்ந்து உரசியது. கடைசியில், பெட்டிக்கு அடியிலிருந்து, எந்த அலங்காரமும் இல்லாத ஒன்று வந்தது. சொரசொரப்பான கறுப்புப் பிடி. அலகில் கட்டைவிரல் நுனி பதிகிற அளவுக்கு ஒரு துளை. பிடியின் முதுகில் அழுத்தினால் விடுபடுகிற பூட்டு. துளையில் விரலை வைத்துச் சுழற்றினேன். கதவு திறப்பதுபோல மெதுவாக வந்து, 'டக்' என்று நின்றது.

உனக்கு வீடியோ கால் போட்டேன்.

"கிட்டக் காட்டு. மூடிக் காட்டு. நடுவுல இருக்கா? ஆட்டு. அசையலையே? இப்ப போனுகிட்டக் கொண்டுபோய்த் திற, பூட்டு விழற சத்தம் கேக்கட்டும்."

டக்.

"இன்னொரு தடவ."

டக்.

மாலை வெயில் கடைக்குள் வந்து தூண்டில் முட்களில் எல்லாம் சின்னச் சின்னதாக மினுங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அதான்" என்றாய்.

விலை உன் வரம்பைக் கொஞ்சம் தாண்டியது. "அவங்களுக்குன்னு சொல்றீங்க" என்று கடைக்காரரே குறைத்துக் கொடுத்தார். பழைய செய்தித்தாளை நீட்டி, வெட்டிப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். தாள் சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்தது.

அதன்பின் உன் அறையில் பயிற்சி நடந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலில் ஒரு பழைய போர்வையை மடித்துப் போட்டுக்கொண்டு. முதலில் கத்தி கையை விட்டு நழுவி நழுவிப் போர்வையில் விழுந்தது. திறக்க வந்ததும் மூட வரவில்லை. அலகின் மழுங்கிய முதுகைத் தொடையில் அழுத்தி, கட்டைவிரலால் பூட்டை விடுவித்து மூடும் வழியை நீயே கண்டுபிடித்தாய். ஒருமுறைகூட நீ என்னிடம் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வாய்க்காலில் தண்ணீர் போகும் சத்தம். உள்ளே டக், டக் என்று அந்தச் சின்னச் சத்தம். நான் சுவரில் சாய்ந்து பாதித் தூக்கத்தில் அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். இப்போதும் சில மத்தியானங்களில் கேட்கிறது.

பிறகு நான் ஒரு முழுக் கொய்யாவைக் கொண்டு வந்தேன். தட்டில் ஈரத்துணியை விரித்துப் பழத்தை வைத்தாய். கத்தி பட்டதும் அது உருண்டு ஓடியது. யோசித்தாய். உன் வலது கையைத் தூக்கி, மூடிய முஷ்டியைப் பழத்துக்கு அந்தப்பக்கம் அணையாக வைத்தாய்.

"இதுக்கும் ஒரு வேல குடுத்துட்டேன்" என்றாய்.

அந்த நேரம் பார்த்து வாசுகி காபியோடு வந்தாள். கத்தியைப் பார்த்ததும் டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"அக்கா! என்ன இது? குடுங்க இப்படி. கைய வெட்டிக்கிட்டா நான் உங்க தம்பிக்கு என்ன பதில் சொல்றது?"

"வாசுகி, உக்காரு."

"நான் எதுலயாவது கொற வச்சேனாக்கா?"

"ஒரு கொறையும் வைக்கல. அதாம்மா கொற."

அவள் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முகம் வாடிப்போயிற்று. நீ குனிந்து வெட்டினாய். முதல் துண்டு கோணலாக, ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் கண்ணாடிபோல் மெலிந்து வந்தது. அதைக் கத்தி நுனியில் ஏந்தி வாசுகியிடம் நீட்டினாய். அவள் உன்னைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள். எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்றுகொண்டே அழுதாள்.

"உப்பு, மொளகாத்தூள் எடுத்துட்டு வரவாக்கா?" என்றாள் பிறகு.

"எடுத்துட்டு வா. நானே தூவிக்கறேன்."

அதற்கப்புறம் டப்பா வரவில்லை. காலையில் என் ஸ்கூட்டரில் வெளியே வருவதற்கும் நீ ஒப்புக்கொண்டாய். வாய்க்கால் கரை மதகுவரை போவோம். இடுப்புப் பையில் கத்தியும் ஒரு கொய்யாவும் இருக்கும்.

கார்த்திகையில் மழை ஓய்ந்திருந்த ஒரு காலை நினைவிருக்கிறதா? சம்பா நடவு முடிந்து வயலெல்லாம் வானம் கிடந்தது. எது வயல், எது மேகம் என்று சொல்ல முடியாது. மதகுக்குக் கீழே மீனுக்காக யாரோ குறுக்கே கட்டியிருந்த நைலான் வலையில் ஒரு நத்தைக்குத்தி நாரை சிக்கியிருந்தது. ஒரு சிறகும் இரண்டு காலும் வலைக்குள். அடித்து அடித்து ஓய்ந்து, தண்ணீரில் பாதி முகம் அமிழ்ந்து கிடந்தது. அந்தப் பக்கம் ஆளே இல்லை.

"எறங்கு" என்றாய்.

"நீ இரு, நான் பாக்கறேன்."

"நீ எப்படி அறுப்ப, பல்லாலயா? பிடிக்கவே உனக்கு ரெண்டு கை வேணும்."

சரிந்த கரையில் உட்கார்ந்தபடியே சறுக்கிக்கொண்டு நீ தண்ணீருக்குள் வந்தாய். என் உயிர் என்னிடம் இல்லை. துப்பட்டாபோல நான் போட்டிருந்த சால்வையைப் பறவையின் தலைமேல் போட்டு மூடச் சொன்னாய். மூடியதும் அது அடங்கியது. இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். ஈர இறகு வாசனை. சேற்று வாசனை. அதன் இதயம் என் விலா எலும்பில் அடித்தது. நீ இடுப்பளவு தண்ணீரில் மதகுச் சுவரில் சாய்ந்து நின்று, இடது கையை இடுப்புப் பைக்குள் விட்டாய்.

டக்.

ஒவ்வொரு இழையாக அறுத்தாய். சதையில் இறங்கியிருந்த இழைக்கு அடியில் அலகின் நுனியை நுழைத்து, கூர்ப்பக்கத்தை உன் பக்கம் திருப்பி, பறவைக்குப் படாமல் இழுத்தாய். எத்தனை நேரம் என்று தெரியவில்லை. அந்தக் காலையில் நேரம் என்று ஒன்று இருந்ததாகவே எனக்கு ஞாபகமில்லை. தண்ணீர் நம்மைச் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது.

"விடு" என்றாய்.

விட்டேன். அது பறக்கவில்லை. நம்மிடமிருந்து கொஞ்சம் தள்ளி நின்று, நடுவில் எப்போதும் இடைவெளி விட்டே இருக்கிற அந்த மூக்கோடு நம்மைப் பார்த்தது. சிறகை ஒருமுறை விரித்தது, மடித்தது. பிறகு வயலுக்குள் நடந்து போய், பளபளக்கும் வானத்தின் நடுவிலிருந்து எழும்பியது. அதன் நிழலும் அதுவும் பிரிந்து போவதை நாம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நீ சிரித்தாய். மைதானத்தின் மறுகோடிவரை கேட்கிற சிரிப்பு. அதை நான் மறுபடி கேட்பேன் என்று நினைத்திருக்கவே இல்லை.

வலைக்காரர் வந்ததும் நீயே சொன்னாய்: "அண்ணே, உங்க வலைய அறுத்தது நாந்தான்." சேற்றில் ஊறிய நம் கோலத்தைப் பார்த்து அவர் திட்ட மறந்து, "மொதல்ல மேல வாங்கம்மா, குளிருது" என்று கை கொடுத்தார். நீ இடது கையை நீட்டினாய். ஸ்கூட்டரில் திரும்பும்போது என் முதுகில் சாய்ந்துகொண்டு வந்தாய். நீ அழுகிறாயா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன்பின் நமக்குச் சில நல்ல வருஷங்கள் கிடைத்தன. நீ மாலையில் பள்ளி மைதானத்துக்குப் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்து, புதிதாக வந்த டீச்சரிடம், அவள் கேட்டால் மட்டும், ஏதாவது சொல்லிவிட்டு வருவாய். வாசுகியும் நீயும் சண்டை போடுமளவுக்கு நெருக்கமாகிவிட்டீர்கள். ஒரு மழை நாள் விடியலில் வாசுகி போன் செய்தாள். தூக்கத்திலேயே போய்விட்டாய் என்றாள். கத்தி இப்போது அவளிடம் இருக்கிறது. காய் நறுக்குகிறாள். "அக்கா மாதிரி எனக்கு வரலைங்க" என்கிறாள். கத்தியை நான் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. அவளிடம் இருப்பதுதான் சரி.

என்னிடம் என்ன தங்கியிருக்கிறது என்று போன வாரம்தான் எனக்கே தெரிந்தது. மயிலாடுதுறை போக ஸ்டேஷனில் நின்றிருந்தேன். லேசாகத் தூறல். பெஞ்சில் ஒரு பெரியவர் சாக்குப் பையின் வாயைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். விரல்கள் நடுங்கின. முடிச்சு விழுவதும் அவிழ்வதுமாக இருந்தது. பக்கத்திலிருந்த ஒருவர், "குடுங்க பெரியவரே, வண்டி வந்துரும்" என்று பையைப் பிடுங்கப் பார்த்தார். பெரியவர் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்தேன்.

அருகில் போய், "நான் ஏதாவது பிடிச்சுக்கட்டுங்களா?" என்று கேட்டேன்.

"வேணாம்மா. கட்டிருவேன்."

"சரிங்க."

தூரத்தில் வண்டியின் விளக்கு தெரிந்தது. ஆட்கள் எழுந்து முன்னால் போனார்கள். அவர் நிமிராமலே கேட்டார்: "வண்டி வந்துருச்சாம்மா?"

"நேரம் இருக்குங்க. நிதானமா கட்டுங்க."

குடையைப் பையின் மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் தோள் நனைந்தது. அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.